ஐந்தாம் நம்பர் பவளம்

மதுரையில் எல்லாம் இருக்கிறது. கடல் ஒன்றுதான் இல்லை. அந்தக் குறையை நானே தீர்த்துவைப்பது என்று போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில் முடிவெடுத்தேன்.

சும்மா எடுத்த முடிவு இல்லை. நான் பசுமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். பெயர் முத்துக்குமரன், எம்.எஸ்ஸி., பி.எட். பதினேழு வருடமாகக் குழியுடலிகள் பாடம் நடத்துகிறேன். பவள உயிரியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். ஒருமுறை பையன்கள் கேட்டுக்கொண்டதற்காக நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். பாதி படம் சுவருக்குப் போய்விட்டது, ஆனால் உறுப்புகளின் பெயர் எல்லாம் சரி. இப்பேர்ப்பட்ட நான் உயிருள்ள ஒரு பவளத்தை நேரில் பார்த்ததே இல்லை. இது வெளியே தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒரு கடல். இரண்டரை அடி கண்ணாடித் தொட்டி, உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் பவளம்.

மூன்றாவது தோசையோடு வந்த என் மனைவி தமிழ்வாணியிடம் இதை அறிவித்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: எங்கே வைப்பீர்கள்?

இங்கேதான் சிக்கல். ஒத்தக்கடையில் நாங்கள் கட்டிய வீட்டில் கூடம் சின்னது. அதில் உருப்படியான மூலை ஒன்றே ஒன்று. வடக்குப் பார்த்த சன்னல், வெயில் உள்ளே வராது, காற்று வரும். பிளக் பாயின்ட் உண்டு, இன்வெர்ட்டர் இணைப்பும் உண்டு. அந்த மூலையில் தொட்டியை வைத்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விருந்தாளி கண்ணில் கடல் படும். இதை நான் கையை வீசி விளக்கினேன். தமிழ்வாணி தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு வருடமாக நர்ஸ். அவள் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

“எனக்குன்னு ஒரு மேசை இருந்ததே இல்லைங்க. பத்தாவது வரைக்கும் ரேஷன் அரிசி மூட்டை மேல வச்சுத்தான் எழுதுனேன். நர்ஸிங் படிச்சது ஹாஸ்டல் கட்டில்ல. இப்ப எம்.எஸ்ஸி. நர்ஸிங் நுழைவுத் தேர்வு எழுதலாம்னு இருக்கேன். அந்த மூலையில ஒரு மேசை போடணும்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல கணவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கும் தெரியும். நான் சொன்னது வேறு. “ஒரு வீட்டுக்கு ஒரு எம்.எஸ்ஸி. பத்தாதா?” என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். சிரித்தது நான் மட்டும்தான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள்.

“சரி. உங்க செடியெல்லாம் ஆறு மாசம் உசுரோட இருக்கட்டும். மூலை உங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு செத்தாலும் மூலை எனக்கு.”

“செடி இல்ல, விலங்கு.”

“எதுவா இருந்தாலும் சாகக் கூடாது. அம்புட்டுத்தான்.”

அவளே எழுதினாள். ஐந்து பவளம். வைக்கிற நாள் டிசம்பர் ஒன்று, சோதிக்கிற நாள் ஜூன் ஒன்று. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. பதினேழு வருடம் அரசுத் தேர்வில் அறைக் கண்காணிப்பாளராக நின்றவன் நான். நோட்டை வாங்கி என் கையாலேயே ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘ஆள்மாறாட்டம் செய்தால் தேர்வு ரத்து.’ அதாவது, செத்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கக் கூடாது. யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்த வரி. அவள் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பவளம் வாங்கப் போகும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கடலில் இருந்து யாராவது பெயர்த்துக்கொண்டு வந்ததாக இருந்தால் வாசற்படி தாண்டக் கூடாது. அது சட்டப்படியும் குற்றம் என்று எனக்கும் தெரியும். விசாரித்ததில் டவுனில் பீமாராவ் என்பவர் அகப்பட்டார். பகலில் புடவைக் கடையில் வேலை. மாடியறையில் ஆறு தொட்டி வைத்திருக்கிறார். கடலில் இருந்து எதையும் எடுப்பதில்லை. தொட்டியிலேயே வளர்ந்ததைத் துண்டு வெட்டி, அந்தத் துண்டைச் சின்னக் கல்லில் ஒட்டி வளர்த்துத் தருகிறார்.

முதல் நாள் அவர் எனக்குப் பவளம் தரவே இல்லை. தொட்டியில் பாறையும் தண்ணீரும் மட்டும் வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள், தண்ணீர் பழகட்டும் என்று அனுப்பிவிட்டார். ஒரு மாதம் எங்கள் கூடத்தில் வெறும் கல்லும் தண்ணீரும் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தன. வந்தவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து, மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டார்கள். நான் பெருமையாக, இன்னும் வரவில்லை என்றேன்.

டிசம்பரில் மறுபடி போனேன். கல் மாதிரி கட்டியாக வளர்கிற சாதி வேண்டாம், மெத்தென்று வளர்கிற சாதியில் ஆரம்பியுங்கள் என்றார். அதிலும் கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நீரோட்டம் இருந்தால் போதும், நாம் தப்பு செய்தாலும் மன்னிக்கிற வகையாக ஐந்து தேர்ந்தெடுத்துத் தந்தார். சிவப்பில் காளான் பவளம். சட்டைப் பொத்தான் கொட்டிக் கிடப்பது போன்ற பொத்தான் பவளம். அதில் விஷம் உண்டு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்றார். பாறை மேல் புல்தரை மாதிரி படர்கிற பச்சை ஒன்று. சின்னச் சின்னக் கைகளை விரித்து விரித்து மூடுகிற ஒன்று. ஐந்தாவது, குடை மாதிரி தலை விரித்து நின்ற தோல் பவளம். தொட்டால் பதமான தோல் மாதிரி இருக்குமாம், அதனால் அந்தப் பெயர்.

கிளம்பும்போது இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டினார். எது எப்படி இருக்கும், எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று அவரே எழுதியது.

“நான் எம்.எஸ்ஸி. விலங்கியல்” என்றேன்.

அவர் தாளை என் கையில் திணித்தார். “அப்பக் கண்டிப்பா படிங்க சார்” என்றார்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். சட்டை அன்று மாலையே துவைக்கிற கூடைக்குப் போனது. எங்கள் வீட்டில் துவைப்பதற்கு முன் பைகளைத் துழாவுவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஐந்து மாதங்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். பவளங்கள் வளர்ந்தன. புல் பாறையைப் பிடித்துக்கொண்டது. பொத்தான்கள் ஆறு இருந்தது பதினான்கு ஆனது. கை விரிக்கிற பவளம் நாள் முழுக்கக் கை தட்டிக்கொண்டே இருந்தது. இந்த வீட்டில் உங்களுக்குக் கை தட்டுவது அது ஒன்றுதான் என்று தமிழ்வாணி சொன்னாள். ஆசிரியர் ஓய்வறையில் நான் பேசுவது பவளத்தைப் பற்றி மட்டும்தான் என்று ஆனது. தலைமையாசிரியர், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். என்னிடம் இருந்து தப்பிக்கத்தான் கொடுத்தார் என்று சக ஆசிரியர்கள் சொல்வது பொறாமை.

தமிழ்வாணி ஒரு வேலை செய்தாள். ஒப்பந்தம் எழுதிய அதே நோட்டில் கோடு போட்டு, நோயாளிகளுக்கு எழுதுவது மாதிரி பவளங்களுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தாள். நம்பர் ஒன்று, காளான். நம்பர் இரண்டு, பொத்தான். இப்படி ஐந்து நம்பர். தேதி, தண்ணீரின் சூடு, விரிந்ததா, மூடியதா. பணிக்குப் போகும்முன் ஒரு வரி, வந்ததும் ஒரு வரி. தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்துக்கு பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்தாள். நான் சிரித்தேன். இவை என்ன ஆபரேஷன் முடிந்து வந்தவையா என்று கேட்டேன். அவள் பாட்டுக்கு எழுதினாள்.

சித்திரை பிறந்தது. மதுரை வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீரின் சூடு முப்பத்தொரு டிகிரியைத் தாண்டியது. வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியை எடுத்துத் தண்ணீர் மேல் காற்று படும்படி வைத்தேன். தண்ணீர் குளிர்ந்தது. நாங்கள் வெந்தோம். விசிறிக் காற்றில் தினம் இரண்டு குவளைத் தண்ணீர் ஆவியாகிப் போனது. குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றப் போனேன். தமிழ்வாணி கையைப் பிடித்தாள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு உள்ளேயேதானே இருக்கிறது, அப்புறம் எதற்கு மறுபடி உப்பு என்று கேட்டாள். உன்னைச் சோதித்தேன் என்று சொல்லிவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றினேன்.

இந்தச் சமயத்தில் எனக்கு ஒரு சீடரும் சேர்ந்தார். எதிர் வீட்டு மன்சூர். டவுனில் துணி தைக்கிற கடை வைத்திருக்கிறார். என் தொட்டியைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, என் மேற்பார்வையில் அவரும் ஒன்று வைத்தார். இரண்டு கோமாளி மீனும் ஒரே ஒரு காளான் பவளமும். அண்ணே, அண்ணே என்று அவர் சந்தேகம் கேட்கும்போதெல்லாம் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொல்வேன். அவர் மனைவி ரூபினாவும் தமிழ்வாணியும் நெருக்கம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மே பன்னிரண்டாம் தேதி, ஐந்தாம் நம்பர் தோல் பவளம் மூடிக்கொண்டது.

முதல் நாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் குடை சுருங்கியது. மூன்றாம் நாள் நிறம் வெளுத்து, மேலே மெழுகு பூசியது மாதிரி ஒரு படலம். ஆறாம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பதினேழு வருட விலங்கியல் அறிவைத் திரட்டி அதன் முன் உட்கார்ந்து யோசித்தேன். குறுக்குவெட்டுத் தோற்றம் மட்டும்தான் ஞாபகம் வந்தது. கடைசியில் முடிவுக்கு வந்தேன். செத்துவிட்டது.

ஜூன் ஒன்றுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மூலை போகும் என்பது கூட அப்புறம்தான். தலைமையாசிரியர் வந்து பார்க்கும்போது அங்கே ஒரு மேசை இருக்கும். விலங்கியல் ஆசிரியர் வளர்த்த விலங்கு செத்துவிட்டது என்று பசுமலை முழுக்கப் பேசும். அன்று ஞாயிறு. தமிழ்வாணி காலைப் பணிக்குப் போயிருந்தாள், மதியம் மூன்று மணிக்குத்தான் வருவாள். நான் கோடை விடுமுறையில் இருந்தேன். நேரம் இருந்தது, துணிச்சல் இருந்தது. நானே எழுதிய ஆள்மாறாட்ட வரி மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அது மாணவர்களுக்குத்தான் பொருந்தும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பவளத்தைக் கல்லோடு எடுத்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை. ஐந்தரை மாதம் கூட இருந்த ஜீவன். தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பிளாஸ்டிக் குவளையில் போட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு குரோட்டன் சட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே மரியாதையாக அடக்கம் செய்யலாம் என்று எண்ணம். பஸ் பிடித்து பீமாராவ் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

திரும்பி வந்தபோது தமிழ்வாணி வந்துவிட்டிருந்தாள். மாடிக்கு ஓடினேன். குவளை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததைக் காணோம். காக்கையா, பூனையா, அவளே கொட்டிவிட்டாளா? கேட்க வாய் வருமா? கீழே வந்தேன். அவள் நோட்டோடு தொட்டி முன்னால் நின்றாள்.

“அஞ்சாம் நம்பரைக் காணோமே.”

“வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குன்னு பாறைக்குப் பின்னால தள்ளி வச்சிருக்கேன்.”

“அப்பிடியா” என்றாள். நோட்டில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்திருக்கலாம். தைரியம் இல்லை.

நாலு நாள் நரகம். சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மன்சூர் கூப்பிட்டார். “அண்ணே, வந்து பாருங்க, எப்பிடி விரிஞ்சு நிக்குதுன்னு.” போனேன். அவர் தொட்டியின் நடுவில் ஒரு தோல் பவளம். முழுக் குடை. தலை நிறைய மகரந்தத்தாள் மாதிரி சின்ன விரல்கள் நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. என் வீட்டில் செத்ததைவிடப் பிரமாதமாக இருந்தது. ரூபினா யாரோ தெரிந்தவர்களிடம் வாங்கி வந்தாளாம். நான் குனிந்து பார்த்து, பரவாயில்லை, என்னுடையது இதைவிடக் கொஞ்சம் கம்பீரம் என்று சொன்னேன். குரல் எனக்கே அழுவது மாதிரி கேட்டது.

மறுநாள் தமிழ்வாணி ஒரு சாவியை என் முன் வைத்தாள். மன்சூர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்காகக் கொட்டாம்பட்டி போகிறார்கள், இரண்டு நாள் ஆகும், அவர்கள் மீனுக்கு நீங்கள்தான் தீனி போட வேண்டுமாம் என்றாள். “குருநாதர் நீங்கதானே” என்று வேறு சொன்னாள். அந்த வார்த்தையில் எனக்கு மனசு குளிர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். பீமாராவ் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு. சனிக்கிழமை காலை பத்து மணி, வெட்ட வெளிச்சம். தூக்குவாளியில் தண்ணீரோடு பவளத்தை வைத்து மூடி, தெருவைத் தாண்டினேன். எதிரே பால்காரர் வந்தார், என்ன சார் சாம்பாரா என்றார். ரசம் என்றேன். வீட்டுக்குள் வந்து, பழைய இடத்தில் பழைய கோணத்தில் வைத்தேன். மன்சூர் கேட்டால் மீன் கடித்துவிட்டது என்று சொல்வதாக எண்ணம். மதியத்துக்குள் அது விரிந்துவிட்டது. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. என் தொட்டித் தண்ணீரின் தரம் அப்படி.

பணி முடிந்து வந்த தமிழ்வாணி கைப்பையைக் கூட வைக்காமல் குனிந்து பார்த்தாள்.

“பாறைக்குப் பின்னால இருந்துச்சு. முன்னால எப்பிடி வந்துச்சு?”

“விலங்குன்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நகந்து வந்துருச்சு.”

“நடந்தா?”

“மெதுவா.”

‘பவளங்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவை’ என்று பதினேழு வருடம் எழுதிப்போட்ட என் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவள் தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

மன்சூர் ஊரில் இருந்து வந்தார். பவளம் காணாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் பார்க்கும்போதெல்லாம் வழக்கம்போல, என்னண்ணே, நல்லா இருக்கீங்களா என்றார். கேட்டுவிட்டால் பொய் சொல்லி முடித்துவிடலாம். கேட்காமல் இருப்பவரிடம் என்ன செய்வது? தூரத்தில் அவர் சட்டை தெரிந்தாலே நான் சந்து மாறினேன்.

ஜூன் ஒன்று, திங்கட்கிழமை மாலை. தமிழ்வாணி விடுப்புப் போட்டிருந்தாள். சாட்சிக்கு மன்சூரையும் ரூபினாவையும் கூப்பிட்டிருந்தாள். சுண்டல் வேறு செய்திருந்தாள். தொட்டியில் ஐந்து பவளமும் தலை நிமிர்ந்து நின்றன. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மன்சூர் கண்ணைப் பார்க்காமல், தொட்டிக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்தி நின்றேன். ஐந்தும் உயிரோடு இருக்கின்றன, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“பாத்தாச்சு. ஒண்ணும் சாகல” என்றாள் தமிழ்வாணி. “குறிப்பை மட்டும் வாசிச்சிர்றேன்.”

நோட்டைத் திறந்தாள். மருத்துவமனையில் பணி மாறும்போது அடுத்த நர்ஸுக்கு வாசித்துக் காட்டுவது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

“மே பன்னிரண்டு. அஞ்சாம் நம்பர் மூடிக்கிச்சு. மேல்தோல் உரிக்கப் போகுது. பீமாராவ் சார் தாள், ரெண்டாம் பக்கம்: அப்பப்ப இப்பிடிச் சுருங்கி, மெழுகு மாதிரி தோல் உரிச்சு, சில நாள்ல தானா விரியும். பயப்பட வேண்டாம், தொடவும் வேண்டாம்.”

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“மே பதினேழு மதியம். நோயாளியைக் காணோம். மொட்டை மாடியில, குவளையில கண்டெடுத்தேன். முகர்ந்து பாத்தேன். செத்திருந்தா குடல் புரட்டுற மாதிரி நாறணும், அதுவும் தாள்ல இருக்கு. நாத்தம் இல்ல. உசுரு இருக்கு. ரூபினா வீட்டுத் தொட்டிக்கு மாத்தியாச்சு. மே இருபத்தி மூணு காலை, தூக்குவாளியில வீடு திரும்புச்சு, பால்காரர் சாட்சி. நடந்து வந்ததா வீட்டுக்காரர் வாக்குமூலம்.”

மன்சூர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ரூபினா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தமிழ்வாணி கையுறையை மாட்டி, ஐந்தாம் நம்பரின் கல்லைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள். அடியில் அழியாத மையில் ‘5’ என்று எழுதியிருந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதியே எழுதியிருக்கிறாள். அவள் பிரிவில் நோயாளி மாறிப்போகக் கூடாது என்று கையில் பட்டை கட்டுவார்களாம், அந்தப் பழக்கமாம்.

என் மூளை அப்போதும் வேலை செய்தது. பெருமையோடு சொல்கிறேன். “ஒரு நிமிஷம். இது அதே பவளம்தானே? அப்ப ஆள் மாறவே இல்லையே. அதே ஆள் போயிட்டு அதே ஆள் வந்திருக்கு. ஆள்மாறாட்டம் எங்க நடந்துச்சு?” என்றேன். மன்சூர் கூட அட என்று திரும்பிப் பார்த்தார்.

தமிழ்வாணி நோட்டை மூடினாள்.

“பக்கத்துல இருக்கவன் பேப்பர்னு நெனச்சு ஒருத்தன் பாத்து எழுதுறான். அப்புறம் பாத்தா, அது அவனோட பேப்பரே தான். நீங்க கண்காணிப்பாளர். அவனை விட்ருவீங்களா?”

பதினேழு வருடத்தில் நான் யாரையும் விட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும், மதுரை மாவட்டத்துக்கே தெரியும்.

“சும்மா இருந்திருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க” என்றாள். கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னாள். “விலங்கு, விலங்குன்னு நீங்க அடக்கம் பண்ணக் கிளம்பிட்டீங்க. நான் செடின்னு நெனச்சதால, தழையட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

மேசை மறுநாளே வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவைத்திருக்கிறாள், அதாவது பவளம் மூடிக்கொண்ட அன்றைக்கே. மன்சூரும் நானும் தொட்டியைத் தூக்கி, என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் வைத்தோம். நாற்காலி மாடிக்குப் போனது, குரோட்டன் சட்டிக்குப் பக்கத்தில். வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் அவள் புத்தகங்களை அடுக்கினாள். மேசையின் பலகையை இரண்டு முறை கையால் தடவிப் பார்த்தாள். அந்த ஐப்பசி ஞாயிறன்று நான் சொன்ன வேடிக்கையை நினைத்து வெட்கமாக இருந்தது. என் பெண்டாட்டி கெட்டிக்காரி என்று பெருமையாகவும் இருந்தது. ஆனால் இதையெல்லாம் வெளியே காட்டினால் தோற்றதை ஒப்புக்கொண்டது ஆகிவிடும்.

ஆகவே நான் போராட்டத்தைத் தொடர்ந்தேன். திங்கள் இரவுச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுக்கையறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். செவ்வாய், மேசையை இறக்க மட்டும் எழுந்தேன், பேசவில்லை. புதன், பேச்சும் இல்லை, சவரமும் இல்லை. அவள் கெஞ்சுவாள், வந்து தோளைத் தொடுவாள் என்று காத்திருந்தேன். அவள் பக்கத்திலேயே வரவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். என்ன கல் மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் தலை வலித்தது. போராட்டம் வேறு, காப்பி வேறு. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தமிழ்வாணி தன் மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். கம்பீரம் குறையாத குரலில், காப்பி கிடைக்குமா என்றேன். அவள் தலையைத் தூக்காமல் கையை நீட்டினாள். மேசை ஓரத்தில் தயாராக இருந்தது, ஆவி பறக்க. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று யோசித்தபடி ஒரு வாய் குடித்தேன். அவள் எதையோ எடுக்க உள்ளே போனாள். பவளங்களின் குறிப்பு நோட்டு திறந்து கிடந்தது. ஐந்து நம்பருக்கும் கீழே, புதிதாக ஒரு கோடு போட்டு, திங்கட்கிழமைத் தேதியில் எழுதியிருந்தாள்:

‘நம்பர் ஆறு. மூடிக்கிச்சு. நிறம் மங்கல், தீனி எடுக்கல. பயப்பட வேண்டாம், தொடவும் வேண்டாம். வியாழன் சாயங்காலம் தானா விரிஞ்சு வந்து காப்பி கேக்கும்.’